ஒசத்தியான வழக்கம்

நீ படிச்ச புள்ள மாதிரி தெரியுற தாயி, நீயே ஒரு நியாயம் சொல்லு. ஒரு ஊர் வழக்கம் ஒசத்தி, இன்னொரு ஊர் வழக்கம் மட்டம்னு சொல்லலாமா, கூடாதா? கூடவே கூடாதுங்கிறான் என் மகன். காலேஜ் வாத்தியார் அவன். "அப்பா, அவங்கவங்க வழக்கம் அவங்கவங்களுக்கு. தராசுல வச்சு நிறுக்கிற சமாச்சாரம் இல்ல"ங்கிறான். ஏன் நிறுக்கக் கூடாது? புளிச்ச மாவு எது, புளிக்காத மாவு எதுன்னு நாக்குக்குத் தெரியாதா?

இது என்ன ஸ்டேசன், பத்ரக்கா? நாலு பத்துக்கு வந்திருக்கணும். இப்ப மணி அஞ்சு. அம்பது நிமிசம் லேட்டு, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறான் பாரு. எனக்கு வண்டி நின்னா கால் நிக்காது தாயி. முப்பது வருசம் அரசு பஸ்ல கண்டக்டர், கடைசி ஆறு வருசம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். குருவையான்னா அந்தப் பக்கம் எல்லா டிரைவருக்கும் தெரியும். ரெண்டு நிமிசம் தாமதமா எடுத்தாலும் நோட்டுல எழுதிப்புடுவேன்.

ஷில்லாங்ல இருந்து வர்றேன். மகன் ஜெயவேலு அங்கதான் இருக்கான். ஒரே மகன். அங்க வேலைக்குப் போனவன் அந்த ஊர்ப் பொண்ணையே கட்டிக்கிட்டான். பேரு பான்ரி. காசி ஜாதின்னு சொன்னான், நான் காசி, ராமேஸ்வரம் அந்தக் காசின்னு நெனச்சுக்கிட்டேன். அது வேறயாம், மலைக்காரங்களாம். சரி, என்ன செய்ய? புள்ள தங்கமான புள்ள. கல்யாணம் முடிஞ்சு சாத்தூர் வந்தப்ப சேலை கட்டி, குனிஞ்சு கால்ல விழுந்துச்சு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. அதுல நான் குறை சொல்லல. நான் சொல்ல வர்றது வேற.

பேரன் பொறந்தான். பேரு வைக்கிறோம், வாங்கன்னு மகன் டிக்கெட் போட்டு அனுப்பினான். நானும் எங்க வீட்டம்மா சீனியம்மாளும் போய் இறங்குறோம். நல்ல வீடு, மரத் தரை, வாசல்ல பூச்செடி. "ஏய், வாடகை எவ்வளவு குடுக்கிற?"ன்னு கேட்டேன். "வாடகை இல்லப்பா, இது அத்தை வீடு"ன்னான். "எந்த அத்தை?" "பான்ரியோட அம்மா." எனக்குக் கையில இருந்த பெட்டி நழுவிருச்சு.

அந்த ஊர்ல அதுதான் வழக்கமாம் தாயி. கடைசிப் பொண்ணுக்குத்தான் வீடு. அதைக் கட்டுனவன் அந்த வீட்ல வந்து இருக்கணும். பிள்ளைங்களுக்கு ஆத்தா குடும்பத்துப் பேரு. அப்பன் பேரு எங்கயும் கிடையாது. நல்லா இருக்கா இது? நான் பெத்து, நான் படிக்க வச்சு, கடைசியில ஒரு மலைமேல கொண்டுபோய் அடுத்தவ வீட்ல விட்டுட்டு வரணுமா?

அங்க அவன் இருக்கிற இருப்பைப் பாக்கணுமே. கார் எடுக்கணுமா, "அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்." முன்னறையில எங்களுக்குக் கட்டில் போடணுமா, "அத்தைகிட்ட ஒரு வார்த்தை." ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை! அந்தம்மா பேரு ஃபிடாலியா. கோங் ஃபிடாலியான்னு கூப்பிடுவாங்க, கோங்குன்னா நம்ம ஊர்ல அக்காங்கிற மாதிரி. சாந்தமான பொம்பளைதான். ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்ல. ஆனாலும் கேக்கணும்ல? ஒரு ஆம்பளை, மாசச் சம்பளம் வாங்குறவன், கேட்டுக்கிட்டு நிக்கிறதாவது.

சீனியம்மாகிட்ட புலம்புனேன். "பாத்தியா, நம்ம புள்ளையை எப்படி வச்சிருக்காங்கன்னு?" அவ பயறு பொறுக்கிக்கிட்டே, "நான் உங்கம்மா இருந்த வரைக்கும் கேக்காம ஒரு வத்தல்கூட எடுத்ததில்லயே"ன்னா. அது வேற தாயி. அது மரியாதை. பெரியவங்களுக்குக் குடுக்கிற மரியாதையும் இதுவும் ஒண்ணா? சொன்னா அவளுக்குப் புரியல.

அந்த வீட்ல இன்னொருத்தர் உண்டு, கின்ஃபாம்னு. ஃபிடாலியாவோட தம்பி, பான்ரிக்குத் தாய்மாமன். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பட்டாளத்துல இருந்து ஓய்வு பெத்தவர். நம்ம ஆவடியில மூணு வருசம் இருந்திருக்காரு, அரைகுறைத் தமிழ் பேசுவாரு. அவரு தினம் காலையில பத்து மணிக்கு வந்துருவாரு. எனக்கும் அவருக்கும் தினம் வழக்கு. பால் ஊத்தாத கட்டஞ்சாயாவும் அரிசி ரொட்டியும் வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் ஓடும். அதை மட்டும் நான் இப்பவும் நெனைச்சுக்கிறேன். அப்படிச் சரிக்குச் சரியா உக்காந்து பேச எனக்குச் சாத்தூர்ல ஆள் இல்ல.

மொத நாள் நான் நேராவே கேட்டுட்டேன். "என்னய்யா வழக்கம் உங்களது? பேரனுக்கு என் இனிஷியல் கிடையாதுன்னா, அவன் எவன் வம்சம்னு நாளைக்கு எப்படித் தெரியும்?"

அவரு சிரிச்சாரு. "குருவையா, உங்க முழுப் பேரு என்ன?"

"பெ. குருவையா. பெ-ன்னா பெரியசாமி. எங்கப்பா."

"சரி. அந்தப் பேர்ல உங்க அம்மா எங்க?"

நான் விடுவேனா? நெஞ்சைத் தட்டிக் காட்டி, "இங்க இருக்காங்க"ன்னேன்.

அவரு ஒரு வாய் சாயா குடிச்சாரு. "அப்ப நீங்களும் கிட்டபாபு நெஞ்சுல இருங்க. பேர் எதுக்கு?"

பேரனுக்கு அவரு வச்ச செல்லப் பேரு அது, கிட்டபாபுவோ என்னமோ, எனக்குச் சரியா வாயில வரல. ஆனா அந்தப் பதில் இருக்கு பாரு, எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. பதிலுக்கு என்ன சொல்லியிருக்கணும்னு மறுநாள் விடியறப்பத்தான் தோணுச்சு. எழுந்து அவர் வர்ற வரைக்கும் வாசல்ல நடந்துக்கிட்டே இருந்தேன். வந்ததும் வராததுமா, "பேருங்கிறது ரோட்டுல இருக்கிற போர்டு மாதிரி. நெஞ்சுல எழுதி வச்சா பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு எவனுக்குத் தெரியும்?"னேன். கைதட்டுனாரு மனுசன். தோத்தாலும் கைதட்டுவாரு, அதுதான் அவர்கிட்ட ஒரு குணம்.

இப்படியே எட்டு நாள். அவரு சொல்லுவாரு, "எங்க ஊர்ல பொண்ணு பொறந்தா யார் முகமும் சுருங்காது." நான் சொல்லுவேன், "எங்க ஊர்ல மகாலட்சுமின்னு சொல்லுவோம்." சீனியம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாப்பா. பாத்துட்டுப் போயிருவா. நான் தாய்மாமன் அதிகாரம் உங்க ஊர்ல ரொம்ப சாஸ்தின்னு ஒருநாள் சொன்னேன். அன்னைக்கு மட்டும் வாயத் தொறந்தா, "ஜெயவேலுக்கு எங்கண்ணன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்துனோம்"ன்னு. யார் பக்கம் பேசுறோம்னு தெரியாம பேசிருவா அவ.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. நல்ல மழை. மழைன்னா நம்ம ஊர் மழை இல்ல, தகரக் கூரையில கல்லை அள்ளிக் கொட்டுற மாதிரி. கின்ஃபாம் வந்தாரு, ஆனா ஏனோ அன்னைக்கு வழக்கை ஆரம்பிக்கல. சாயாவைக் கையில வச்சுக்கிட்டு மழையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் அவரா சொன்னாரு.

"குருவையா, உண்மை சொல்றேன். என் பொண்டாட்டி வீட்ல நான் விருந்தாளி. இங்க என் அக்கா வீட்ல நான் பெரிய மாமா. எல்லாரும் என்னைக் கேப்பாங்க. ஆனா வீடு அக்கா வீடு. ஒரு ஆணி அடிக்கணும்னா, எந்தச் செவத்துல அடிக்கிறது? எனக்குத் தெரியல."

எனக்கு அப்படியே துள்ளிருச்சு. "ஆங்! சொன்னேன்ல? உங்க வாயாலயே வந்துருச்சா? இதுதான்யா நான் பத்து நாளா கத்துறது. ஒரு மனுசனுக்குத் தன் வீடுன்னு ஒரு செவரு இல்லாம பண்ற வழக்கம் என்ன வழக்கம்?"

பின்னால இருந்து சீனியம்மா குரல். "எனக்கும் அப்படித்தாண்ணே." திரும்பிப் பாக்குறேன், பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. "எங்கப்பா போட்டோ ஒண்ணு முப்பத்தஞ்சு வருசமா பெட்டிக்குள்ளயே கிடக்கு. எந்தச் செவத்துல மாட்டுறதுன்னு தெரியல."

அவரு அவளைப் பாத்தாரு. அவ அவரைப் பாத்தா. நான் நடுவுல உக்காந்திருக்கேன். எனக்குக் கோவம் வந்துருச்சு தாயி. "நான் மாட்ட வேணாம்னு சொன்னேனாடி? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அடிச்சுக் குடுத்திருப்பேனே"ன்னேன். "ஆமா, கேக்கணும்ல"ன்னா. அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. எங்க வீட்ல யாரும் அவளைத் தடுத்ததே இல்ல. அதை ஊரறியச் சொல்லுவேன்.

வண்டி கிளம்பிருச்சா? இல்ல, பக்கத்து வண்டிதான் போகுது. நம்மளது அப்படியேதான் நிக்குது. நான் போய்க் கேட்டுட்டு வரவா? வேணாம், விடு. கேட்டா மட்டும் எடுத்துருவானா.

பேரு வைக்கிற நாள் வந்துச்சு. பாக்க அழகான சடங்குதான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு முறத்துல அரிசி மாவு. ஒரு பெரியவர் சொரைக் குடுக்கையில இருந்து அரிசிச் சாராயத்தைச் சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டே ஒவ்வொரு பேரா சொல்றாரு. எந்தப் பேரு சொல்றப்ப கடைசிச் சொட்டு விழாம ஒட்டிக்கிட்டு நிக்குதோ அந்தப் பேரு பிள்ளைக்கு. ஃபிடாலியாவே எங்கிட்ட வந்து, நீங்களும் ஒரு பேரு குடுங்கன்னு மகனை விட்டுக் கேட்டுச்சு. நான் பெரியசாமின்னு எங்கப்பா பேரைக் குடுத்தேன். அந்தப் பெரியவரும் சொன்னாரு. "பெரிசாமி"ன்னாரு. சொட்டு விழுந்துருச்சு. அடுத்து கிட்போக்னாரு. நின்னுச்சு. அதிர்ஷ்டத்தைச் சுமந்து வர்றவன்னு அர்த்தமாம்.

அவரு கை லேசா சாஞ்சுது தாயி. நான் பாத்தேன். கண்டக்டர் கண்ணுக்குத் தப்புமா? ஆனா விசேச வீட்ல சண்டை போடவா முடியும்? மகன் பக்கத்துல வந்து, "நீங்க வீட்ல பெரியசாமின்னே கூப்பிடுங்கப்பா"ன்னு மெதுவாச் சொன்னான். பெரிய மனசு.

அன்னைக்கு சீனியம்மாளை எங்க உக்கார வச்சாங்க தெரியுமா? நட்ட நடுவுல. அப்பனைப் பெத்தவளுக்கு அங்க தனி மரியாதையாம். மெய்க்கான்னு ஒரு பேரு அதுக்கு. ஃபிடாலியா தன் கையால கட்டம் போட்ட சால்வையைப் போத்திவிட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுச்சு. வந்தவங்க அம்புட்டு பேரும் மொதல்ல அவகிட்ட போய்க் குனிஞ்சு பேசிட்டுத்தான் பிள்ளையைப் பாக்குறாங்க. எனக்குப் பக்கத்து வரிசையில ஒரு நாற்காலி. அப்பனைப் பெத்தவளுக்கு அவ்வளவுன்னா அப்பனைப் பெத்தவனுக்கு எவ்வளவு இருக்கணும்? நீயே கணக்குப் போட்டுப் பாரு.

ஆனா ஒண்ணு. அவ அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல. நம்ம வீட்டு விசேசத்துல எல்லாம் கடைசிப் பந்தி முடிஞ்சப்புறம்தான் அவ முகமே எனக்குத் தெரியும். வேர்த்துப் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு வருவா. அன்னைக்கு நிமிர்ந்து உக்காந்திருந்தா. எனக்கு யாரோ வேத்து ஆளைப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

மறுநாள் துணியை மடிச்சு வைக்கிறேன், இவ பெட்டியே எடுக்கல. என்னன்னு கேட்டா, "பான்ரி வேலைக்குப் போகணும். கோங் ஒத்தையா பிள்ளையைப் பாக்க முடியாது. நான் அஞ்சு மாசம் இருந்துட்டு வர்றேன்"னா. இருக்கட்டுமான்னு கேக்கல தாயி. இருந்துட்டு வர்றேன்னா. நாப்பத்தோரு வருசத்துல மொத தடவை. "அங்க யாரு சமைக்கிறது?"ன்னேன். "அரிசி எங்க இருக்கு, பருப்பு எங்க இருக்குன்னு எழுதித் தர்றேன்"னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா. பையில இருக்கு. இன்னும் பிரிச்சுப் பாக்கல.

கிளம்புற அன்னைக்குக் காலையில ஏழு மணிக்குக் குவாஹாட்டிக்கு ஜீப். கின்ஃபாம் வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "அடுத்த வருசம் நான் சாத்தூர் வர்றேன். அங்க பேசலாம். உங்க மைதானம்"னாரு. மகன் பெட்டியைத் தூக்கி வச்சான். அதுக்குள்ள உள்ளே பிள்ளை அழுதுச்சு. "ஒரு நிமிசம்ப்பா"ன்னு ஓடிட்டான். செருப்பைக் கழட்டி மூலையில ஒதுக்கி வச்சுட்டு, கதவை மெதுவாத் தொறந்து, அந்த வீட்டுக்குள்ள போறான். அந்த வீட்டுப் பிள்ளை மாதிரியே போறான். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல தாயி. ஜீப் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். ஓட்டுறவன் பாக்குறான், கின்ஃபாம் பாக்குறாரு, என்னால நிறுத்த முடியல. பெத்த பிள்ளையை அடுத்த வீட்ல விட்டுட்டுப் போறதுன்னா சும்மாவா?

பொண்டாட்டின்னா அந்த நேரத்துல என்ன செய்யணும்? ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணும். சீனியம்மா பக்கத்துல வந்தா. என் தோள்ல கை வச்சா. வச்சுக்கிட்டு, "எங்கப்பாவும் இப்படித்தான் நின்னாரு. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுல. நீங்க விசில் ஊதுனீங்க"ன்னா.

கோவமாச் சொல்லல. மணி ஏழாச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. ஜீப் கிளம்பிருச்சு.

அந்த விசில் சங்கதி என்னன்னா, எங்க கல்யாணம் விளாத்திகுளத்துல. முடிஞ்சு சாத்தூருக்குப் பொண்ணழைச்சுட்டு வர்றோம். லைன் பஸ்தான். அந்த பஸ்ல கண்டக்டர் என் சேக்காளி. கூட வந்தவனுங்களும் எல்லாம் டிப்போக்காரனுங்க. மாப்பிள்ளையே விசில் ஊதணும்டான்னு ஒரே ரகளை. மாமனார் பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னு அழுதுக்கிட்டிருந்தாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, கையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸைப் பாத்து ஓடி வந்தாரு. என்னமோ சொல்லிக்கிட்டே வந்தாரு. டிரைவர் எடுக்கவான்னு திரும்பிப் பாத்தான். நான் ரெண்டு விசில் குடுத்தேன். பயலுக சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். நேரமாச்சுல்ல தாயி. பெத்தவன் அழுவான்தான், அதுக்காக வண்டியை நிறுத்திக்கிட்டு இருக்க முடியுமா? அப்படித்தான் நெனச்சேன்.

அப்புறம் ஆறு வருசத்துல அவரு போயிட்டாரு. முடியாமக் கிடக்காருன்னு சேதி வந்தப்ப, சீனியம்மா தீபாவளி முடிஞ்சு போகட்டும்னு எங்கம்மா சொன்னாங்க. நானும் சரின்னேன். தீபாவளிக்கு மொத நாளே தந்தி வந்துருச்சு. அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் அப்படித்தான். எங்க வீடு மட்டும் விதிவிலக்கா?

ஆனா நேத்து ஜீப்புல ஏறுனதுல இருந்து இதே ஓட்டம்தான் மண்டைக்குள்ள. அவரு என்ன சொல்லிக்கிட்டு ஓடி வந்தாரு? வாய் அசைஞ்சது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. சத்தம்தான் கேக்கல. குவாஹாட்டியில உக்காந்தேன், எழுந்தேன், நடந்தேன். ரயில்ல ஏறியும் நடந்தேன். மத்தியானம் கரக்பூர்ல சிக்னல் நல்லாக் கிடைச்சுது. போனைப் போட்டேன்.

அவதான் எடுத்தா. பின்னால பிள்ளை சத்தம், ஃபிடாலியா சிரிக்கிற சத்தம். ரெண்டு பேரும் என்ன பாஷையில பேசிக்கிறாங்களோ. "சாப்பிட்டீங்களா?"ன்னா. சாப்பிட்டேன்னேன். அப்புறம் கேட்டேன். "அன்னைக்கு உங்கப்பா ஓடி வந்தாரே, என்ன சொன்னாரு?"

போனோட உள்ள தள்ளிப் போனா போல. பின்னால சத்தமெல்லாம் குறைஞ்சுது.

"அதுவா?"ன்னா. "எனக்கு பஸ்ல குமட்டும். ஜன்னலோரமா உக்கார வைங்கன்னு உங்ககிட்டச் சொல்ல ஓடி வந்தாரு. வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான் தாயி. இதுக்கும் நாம பேசுற ஒசத்தி, மட்டத்துக்கும் சம்பந்தமில்ல. வழக்கம் வேற, இது வேற. நான் இன்னமும் சொல்லுவேன், என் பேரனுக்கு என் இனிஷியல் வேணும். ஆனா பாரு, நாப்பத்தோரு வருசமா எந்த பஸ்ல ஏறுனாலும் அவ கையில ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். மோந்துக்கிட்டே வருவா. கண்ணேறு படாம இருக்க வச்சிருக்கான்னு நெனச்சிருந்தேன். ஜன்னலோரம் நான்தான் உக்காருவேன், ஸ்டாப் எல்லாம் பாக்கணும்ல. அன்னைக்கு விளாத்திகுளத்துல இருந்து சாத்தூர் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம், பட்டுச்சேலை முந்தானையை வாயில அமுக்கிப் பொத்திக்கிட்டே வந்தா. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. பயலுக ஏன்டான்னு கேட்டானுங்க.

புதுப்பொண்ணுல்ல, வெக்கப்படுறாடான்னு சொன்னேன் தாயி.